சத்தம் போடுகிறவருக்கு முதலில் கட்டாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 49. துணித் தொழிற்சாலையில் தையல் மேற்பார்வையாளர். அடிப்படைச் சம்பளம் மாதம் 14,600 ராண்ட். கணவர் நடத்திய சின்ன டேக்-அவே கடையை 2021 ஜூலைக் கலவரத்தில் சூறையாடிவிட்டார்கள். கடன் வாங்கித் திரும்பத் திறந்தார். அடுத்த ஏப்ரலில் வெள்ளம். கடை போயிற்று, கடன் நின்றது. கணவர் இப்போது டெலிவரி வண்டி ஓட்டுகிறார், கிடைத்தால் உண்டு.

கடன்கள் இவை. தவணையில் ஃபர்னிச்சர் வாங்கிய கடைக்கு 9,400 பாக்கி இருந்தபோது கட்டுவது நின்றது. கடை கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிவிட்டது, இப்போது 21,300 கேட்கிறது. போன வாரம் ஷெரிஃப் (கோர்ட் அமீனா) வந்து வீட்டுச் சாமான்களைப் பட்டியல் எடுத்துவிட்டுப் போனார். கணவர் பெயரில் 68,000 ராண்ட் பேங்க் கடன். அதற்கு '129ஆவது பிரிவு' என்று தலைப்பிட்ட கடிதம் நான்கு நாள் முன்பு வந்திருக்கிறது. 2017க்குப் பிறகு ஒரு சென்ட்கூடக் கட்டாத பழைய துணிக்கடைக் கணக்குக்கு வசூல் ஏஜென்சி தினமும் போன் செய்கிறது. தெருவிலுள்ள மஷோனிசாவிடம் (கந்துவட்டிக்காரரிடம்) 4,000 வாங்கினார், மாதம் நூற்றுக்கு 35 வட்டி; பேங்க் கார்டும் பின் நம்பரும் அவர் கையில். கடைசியாக, பெரியம்மா மகன் வட்டியில்லாமல் கொடுத்த 15,000. வீட்டு பாண்ட் (வீட்டுக் கடன் தவணை) இதுவரை ஒரு மாதம்தான் தவறியிருக்கிறது.

"யார் அதிகமாகப் போன் பண்ணுகிறார்களோ அவர்களுக்கு அந்த மாதம் கொடுத்துவிடுகிறேன் அக்கா" என்கிறார். வேலையை விட்டு பிராவிடண்ட் பணத்தை எடுத்து எல்லோருக்கும் கட்டிவிடலாமா, வீட்டை மகன் பெயருக்கு மாற்றலாமா, ஜெயிலில் போடுவார்களா என்று கேட்கிறார். பேங்க் கடிதத்தைச் சாமி மேடையில் குத்துவிளக்குக்கு அடியில் வைத்திருக்கிறாராம்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக அந்தக் கடிதத்தை விளக்குக்கு அடியிலிருந்து எடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. உங்கள் கையிலிருக்கும் காகிதங்களில் நாள் எண்ண வேண்டியவை இரண்டு, அதில் ஒன்று அது. இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன்.

ஜெயில் பயத்தை இப்போதே தீர்த்துவிடலாம். கடனுக்காகச் சிறை என்பதை இந்த நாடு 1977இலேயே ஒழித்தது. தீர்ப்புக் கடனைக் கட்டாததைக் கோர்ட் அவமதிப்பாக்கி உள்ளே தள்ளும் வழி ஒன்று பாக்கியிருந்தது. அதையும் 1995இல் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. ஆனால் உங்கள் வரவு செலவை விசாரிக்க வரச்சொல்லி மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து 65ஆவது பிரிவு நோட்டீஸ் வந்தால், போகாமல் இருந்துவிடாதீர்கள். போகாவிட்டால் பிடித்துக் கொண்டுவர வாரண்ட் போட முடியும். அது வராததற்கான வாரண்ட். நம் ஜனங்கள் இரண்டையும் ஒன்றாக்கி, கடனுக்குக் கைது பண்ணினார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். (பிள்ளைகளின் ஜீவனாம்ச பாக்கி வேறு கதை, அதற்குச் சிறை உண்டு.)

ஷெரிஃப் எழுதிய பட்டியல்

பட்டியலின் நகலை அனுப்பியிருந்தீர்கள். டிவி, சோபா செட், ஃப்ரிட்ஜ், நான்காவது வரியில் 'தையல் மிஷின் ஒன்று, கறுப்பு'. அந்த நான்காவது வரியில்தான் எனக்குக் கண் நின்றது. ஸ்கூல் யூனிஃபார்மும் காவடி சீசனில் ரவிக்கையும் தைத்து மாதம் ஆயிரம் சம்பாதிக்கிறேன் என்று மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். தொழில் கருவிகளை, ஒரு மதிப்பு வரம்புக்குள், ஜப்தி செய்யக் கூடாது என்று மாஜிஸ்திரேட் கோர்ட் சட்டத்தின் 67ஆவது பிரிவு சொல்கிறது. படுக்கை, உடுப்பு, ஒரு மாதச் சாப்பாட்டுச் சாமான், அத்தியாவசியமான பாத்திரம் பண்டம், இவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு. ஷெரிஃப் ஆபீசுக்கு நேரில் போய், இது பிழைப்புக்கான கருவி என்று எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். வீட்டு வாசலில் நின்று வாயால் சொன்னது எங்கும் பதிவாகாது.

ஃப்ரிட்ஜ் மாமியாருடையது என்கிறீர்கள். நிஜமாகவே அவர் பணத்தில் வாங்கியது என்றால் ரசீதோடு அவரே பிரமாணப் பத்திரம் கொடுக்கட்டும். நிஜமில்லை என்றால் அந்த வேலை வேண்டாம். பொய்ச் சத்தியம் குற்றம், ஃப்ரிட்ஜுக்காக மாமியாரை அதில் இழுக்காதீர்கள்.

எழுதிவிட்டுப் போனதால் நாளைக்கே லாரி வந்துவிடாது, ஏலத்துக்கு முன்னால் அவகாசம் இருக்கிறது. அதுவரை பட்டியலில் உள்ளதை விற்கவோ அக்கா வீட்டில் ஒளித்துவைக்கவோ கூடாது. அப்புறம், ஜப்தி செய்கிற அதிகாரம் ஷெரிஃபுக்கு மட்டும்தான். ஏஜென்சி ஆள் ஒருவர் 'டிவியைத் தூக்கிக்கொண்டு போவேன்' என்று மிரட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்கள் கேட்டைத் திறந்து உள்ளே வரவே உரிமை இல்லாதவர்.

தீர்ப்பை ரத்து செய்யலாமா?

சம்மன் பழைய விலாசத்துக்குப் போனதால் வழக்கே தெரியாமல் போயிற்று, ஆகவே தீர்ப்பு செல்லாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது அவ்வளவு சுலபமில்லை. ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதிக்கொடுத்த விலாசத்துக்கு அனுப்பினால் சட்டப்படி அனுப்பியதுதான். வீடு மாறியதைக் கடைக்கு எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். ரத்து கேட்க, வராததற்குக் காரணமும் வேண்டும், வழக்குக்கு உருப்படியான பதிலும் வேண்டும். 'கடன் உண்மைதான், பணம்தான் இல்லை' என்பது பதிலாகாது. இப்படிப்பட்ட மனுவுக்குச் சில வக்கீல்கள் கேட்கும் ஃபீஸில் கடனில் பாதியை அடைத்துவிடலாம். நானும் வக்கீல்தான், தெரிந்தே சொல்கிறேன்.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் பார்க்க வேண்டும். தேசியக் கடன் சட்டத்தின் 103ஆவது பிரிவுப்படி, நீங்கள் தவணை தவறிய நாளில் அசல் பாக்கி எவ்வளவோ, அதற்குப் பிறகு ஏறும் வட்டியும் கட்டணமும் சேர்ந்து அந்தத் தொகையைத் தாண்டக் கூடாது. உங்கள் பாக்கி 9,400. ஆக உச்சம் 18,800. கோர்ட் செலவு இந்த வரம்பில் வராது, தனி. அவர்கள் கேட்கிற 21,300இல் மிச்சம் 2,500 உண்மையில் கோர்ட் செலவுதானா? கோர்ட் கிளார்க்கிடம் கேஸ் ஃபைலைப் பார்த்து நகல் எடுங்கள், கடையின் வக்கீலிடம் வரிவரியாகக் கணக்கு கேளுங்கள். வட்டி வரம்பைத் தாண்டியிருந்தால் அப்போது ரத்து மனு யோசிக்கத் தக்கது. தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 20 கோர்ட் நாளுக்குள் போட வேண்டும். நாள் எண்ண வேண்டிய இன்னொன்று என்றேனே, இதுதான். ஷெரிஃப் வந்த நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

அந்தப் படிவமும் கார்னிஷியும்

கடையின் வக்கீல் ஆபீசிலிருந்து, மாதம் 2,500 சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டு ஒரு படிவம் வந்திருக்கிறது. போனில் பேசிய பெண், 'போடாவிட்டால் முழுச் சம்பளமும் போய்விடும்' என்றாராம். தப்பு. 2018 ஆகஸ்டிலிருந்து, எத்தனை கார்னிஷி (சம்பளத்தில் பிடிக்கச் சொல்லும் கோர்ட் உத்தரவு) வந்தாலும் எல்லாம் சேர்ந்து அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 25ஐத் தாண்ட முடியாது. உங்களுக்கு அது 3,650. அதுவும் உச்சவரம்புதான், வீட்டுச் செலவுக்குப் போதுமானது மிஞ்சுகிறதா என்று மாஜிஸ்திரேட் பார்த்துத்தான் உத்தரவு போட வேண்டும். ஒரு காலத்தில் கோர்ட் கிளார்க்கே முத்திரை குத்தி அனுப்புவார். எங்கோ தூரத்துக் கோர்ட்டில் வாங்கின உத்தரவு டர்பன் சம்பளத்தைச் சாப்பிடும். ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையம் தொழிலாளர்களுக்காகப் போட்ட வழக்கில் 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை நிறுத்தியது.

ஆகவே அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பதிலாக, மாஜிஸ்திரேட் கோர்ட் சட்டத்தின் 73ஆவது பிரிவின்கீழ் நீங்களே கோர்ட்டில் மனு கொடுங்கள்: மொத்தமாகக் கட்ட முடியாது, மாதம் இவ்வளவு கட்டுகிறேன், ஜப்தியை நிறுத்திவையுங்கள் என்று. சம்பளச் சீட்டு, மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், செலவுப் பட்டியல் வேண்டும். செலவில் பஸ் காசையும் விளக்கெண்ணெயையும்கூட விடாதீர்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலைக் கூட்டிப்பார்த்தேன், மாதம் 700 தாங்கும். 2,500 என்று பெருமைக்கு ஒத்துக்கொண்டு இரண்டாம் மாதமே தவறினால் மாஜிஸ்திரேட் அடுத்த தடவை உங்களை நம்ப மாட்டார்.

பேங்க் கடிதம்

உங்கள் கடிதத்தில் நான் அதிகம் பயந்த இடம் இது. கடன் கணவர் பெயரில், 'கான்ட்ராக்ட் எதுவும் போடாமல்தான் கல்யாணம் பண்ணினோம், ஆகவே அவர் கடன் எனக்கு வராது' என்று எழுதியிருக்கிறீர்கள். தலைகீழ். கோவிலில் தாலி கட்டியவர் பதிவு அதிகாரமுள்ள ஐயர், ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) சான்றிதழும் இருக்கிறது. முன்கூட்டி ஒப்பந்தம் போடாத பதிவுக் கல்யாணம் இங்கே தானாகவே சொத்தும் கடனும் பொதுவான கல்யாணம். தனித்தனி என்பதற்குத்தான் கான்ட்ராக்ட் வேண்டும். ஆக அந்த 68,000 உங்கள் கூட்டுச் சொத்தின் கடன்.

தேசியக் கடன் சட்டத்தின் 129ஆவது பிரிவுக் கடிதம் என்பது வழக்கு இல்லை, வழக்குக்கு முந்தின கடைசி மணி. அது உங்கள் கைக்கு வந்து 10 வேலை நாள் கழியாமல் பேங்க் கோர்ட்டுக்குப் போக முடியாது. அதற்குள் தேசியக் கடன் ஒழுங்காற்று அமைப்பில் பதிவுபெற்ற கடன் ஆலோசகர் ஒருவரிடம் கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். பொதுச் சொத்துக் கல்யாணத்தில் ஒருவர் மட்டும் விண்ணப்பிக்க முடியாது. பேங்க் வழக்குப் போட்டுவிட்டால் அந்தக் கடனை மறுசீரமைப்பில் (ஆலோசகர் தவணைகளை மாற்றி வகுக்கும் ஏற்பாட்டில்) சேர்க்க வழியில்லை. ஃபர்னிச்சர் கடன் ஏற்கனவே அப்படி வெளியே போய்விட்டது, அதனால்தான் அதற்கு 73ஆவது பிரிவு சொன்னேன்.

இதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். மறுசீரமைப்பில் இருக்கும்வரை புதுக் கடன் கிடையாது, துணிக்கடை அட்டைகூட. முதல் தவணை பெரும்பாலும் ஆலோசகரின் கட்டணத்துக்கே போகும். வருடக்கணக்கில் இழுக்கும், மொத்தத்தில் வட்டி கூடலாம். 60 வேலை நாள் கழித்தும் விஷயம் நகராமல் கிடந்தால் பேங்க் விலகிக்கொள்ளவும் முடியும், எனவே ஆலோசகரை வாரம் ஒருமுறை போனில் பிடியுங்கள். இவ்வளவுக்கும் பிறகும் உங்களுக்கு இதுதான் சரி என்பேன். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த 'அட்மினிஸ்ட்ரேஷன்' (கோர்ட் உத்தரவில் எல்லாக் கடனையும் சேர்த்துக் கட்டும் ஏற்பாடு) வேறு. அது மொத்தக் கடன் 50,000க்குள் இருப்பவர்களுக்கு. உங்களுக்குப் பொருந்தாது.

மஷோனிசா

ஊரில் கந்துவட்டி என்போம், இங்கே மஷோனிசா. கடன் வாங்கியவரின் கார்டையோ அடையாள அட்டையையோ பின் நம்பரையோ வைத்துக்கொள்வது குற்றம், யார் வைத்திருந்தாலும். வட்டிக்குக் கடன் தருகிறவர் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுள்ளவர்கூட இப்படிப்பட்ட சிறு கடனுக்கு மாதம் நூற்றுக்கு 5க்கு மேல் வாங்க முடியாது. அவர் வாங்குவது 35.

சம்பள நாளில் அவர் மிஷினில் பணம் எடுத்து, 1,400 கழித்து, மீதியை உங்கள் வீட்டு கேட்டில் வைத்துக் கொடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவருக்கு நன்றி சொல்கிறீர்களாம். எட்டு மாதமாக. அதாவது 4,000க்கு 11,200 கொடுத்தாயிற்று, அசல் இன்னும் அப்படியே. இந்தப் பாராவை இரண்டு தடவை படியுங்கள்.

சம்பள நாளுக்கு ஒரு வாரம் முன்பே அடையாள அட்டையோடு பேங்குக்குப் போய்ப் பழைய கார்டை ரத்து செய்து புதுசு வாங்குங்கள். 'கார்டைத் திருப்பிக் கொடு' என்று அவர் வாசலில் போய் நிற்க வேண்டாம், தனியாகவோ இருட்டியபிறகோ நிச்சயமாக வேண்டாம். அவர் மிரட்டினால் போலீஸில் கேஸ் நம்பர் வாங்குங்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தொந்தரவுக்கு எதிரான பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். பதிவில்லாதவர் கொடுத்த கடன் சட்டவிரோதமானது, கோர்ட் மூலம் அவர் சுலபத்தில் எதையும் வாங்க முடியாது. ஆனால் அவர் உங்கள் தெருவிலேயே இருப்பவர், சட்டப் புத்தகம் ராத்திரியில் காவலுக்கு வராது என்பதும் எனக்குத் தெரியும். போகும்போது தெருவில் மரியாதையுள்ள ஒருவரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசி முடித்துக்கொள்ள நினைத்தால் அது உங்கள் முடிவு. இனி ஒரு ராண்ட் கொடுத்தாலும் கையெழுத்தில்லாமல் கொடுக்காதீர்கள்.

பழைய துணிக்கடைக் கணக்கு

'நல்லெண்ணத்துக்கு 200 மட்டும் போடுங்கள்' என்கிறார்களாம். போடாதீர்கள். இந்த வகைக் கடன் மூன்று வருடம் கட்டாமலும், எழுதியோ பேசியோ ஒத்துக்கொள்ளாமலும், சம்மன் வராமலும் இருந்தால் காலாவதியாகிவிடும். காலாவதியான கடனை விற்பதற்கும் வசூலிப்பதற்கும் 2015இலிருந்து தடை இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் பார்த்துவிடுங்கள்: உங்களுக்குத் தெரியாமல் இதற்கும் தீர்ப்பு வாங்கியிருந்தால் ஆயுள் மூன்று வருடமில்லை, முப்பது. கடன் தகவல் நிறுவனத்திடம் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக ரிப்போர்ட் வாங்கலாம், அதில் தெரிந்துவிடும். தீர்ப்பு இல்லை என்றால், 'காலாவதியான கடன், இனி அழைக்க வேண்டாம்' என்று ஒரே ஒரு ஈமெயில் போதும். போனில் 'ஆமாம் கட்டணும்தான்' என்று சொல்லிவிடாதீர்கள், பதிவு செய்கிறார்கள்.

வேலையும் வீடும்

பிராவிடண்ட் பணத்துக்காக வேலையை விடுவதா? அது ஃபண்டுக்குள் இருக்கும்வரை கடன்காரர்கள் யாரும் கைவைக்க முடியாது. ஓய்வூதிய நிதிச் சட்டம் வேலி போட்டிருக்கிறது. அந்த வேலியை நீங்களே திறந்து, வரியையும் கொடுத்து, மிச்சத்தை அவர்களிடம் நீட்டப் பார்க்கிறீர்கள். 49 வயதில் டர்பனில் துணித் தொழிற்சாலை வேலையை விட்டால் இன்னொன்று கிடைக்குமா, உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். 2024 செப்டம்பர் 1க்குப் பிறகு வேலையை விடாமலே சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம், குறைந்தது 2,000. அதற்கும் வருமான வரி உண்டு. பாண்டில் தவறின அந்த ஒரு மாதத்தை அடைக்க வேறு வழியே இல்லை என்றால் எடுங்கள், ஃபர்னிச்சர் கடைக்காக வேண்டாம்.

வீட்டை மகன் பெயருக்கு மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். பாண்ட் கொடுத்த பேங்க் சம்மதிக்காது. சம்மதித்தாலும், கடனில் இருப்பவர் சும்மா தூக்கிக் கொடுத்த சொத்தைப் பிற்பாடு கோர்ட் திருப்பி இழுக்க முடியும், மகனும் சேர்ந்து அலைவான். குடியிருக்கும் வீட்டைச் சின்னக் கடனுக்காக விற்க அனுமதிக்கும் முன் நீதிபதி எல்லாச் சூழ்நிலையையும் பார்க்க வேண்டும் என்று 2004இல் யாஃப்தா வழக்கிலேயே தீர்ப்பாகியிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு ஆபத்து என்றால் அது ஃபர்னிச்சர் கடையிடமிருந்து வருவதைவிட பாண்ட் பாக்கியிலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம். அந்த பேங்க் மாதம் ஒரு எஸ்எம்எஸ்தான் அனுப்புகிறது, அதனால் அதை மறந்து ஏஜென்சிக்குக் கொடுத்துவந்திருக்கிறீர்கள். இனி சம்பளம் வந்ததும் பாண்ட், கரண்ட், தண்ணீர், சாப்பாடு, பஸ். அடுத்து கோர்ட் சொன்ன தவணை. அதற்கடுத்து கடன் ஆலோசகர் வகுத்தது.

பெரியம்மா மகன் 15,000 பற்றி ஒரு முறைகூடக் கேட்டதில்லை, அதனால் கல்யாணம் காட்சிகளுக்கே போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், கடைசியில்தான் உங்களுக்குத் தர முடியும் அண்ணா, எப்போது ஆரம்பிப்பேன், மாதம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருக்கிறீர்களே, அதற்கு முன்னால் போய்வந்துவிடுங்கள்.

கோர்ட் படிவங்களை நிரப்பத் தெரியவில்லை என்றால் அரசின் லீகல் எய்ட் ஆபீசுக்கோ குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்துக்கோ போங்கள். வருமானத்தைப் பார்த்து இலவசமாகச் செய்கிறார்கள். ஷெரிஃபின் பட்டியலையும் விளக்கடியிலிருந்து எடுத்த கடிதத்தையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.